பந்தியை விட்டு எழுந்தவர்: பணிவிடை மனம் என்றால் என்ன?

"பணிவிடை செய்யும் இருதயம் வேண்டும்" என்ற பேச்சு, சபைக்குப் புதிதாக வந்தவரின் காதில் சீக்கிரமே விழுந்துவிடும். பெரும்பாலும் நாற்காலி அடுக்க ஆள் குறையும் நேரத்தில்தான் அதைச் சொல்வார்கள். ஆகவே, சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் செய்கிறவருக்கு அந்த இருதயம் இருக்கிறது, மறுக்கிறவருக்கு இல்லை என்று புதியவர் முடிவு கட்டிக்கொள்வார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வேதாகமம் இதைப் பேசும் இடங்களை எடுத்து வாசித்தால், ஒருவர் எவ்வளவு வேலை செய்தார் என்ற கணக்கு அங்கே அதிகம் வருவதில்லை. செய்கிறவர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதையே அது துருவித் துருவிப் பார்க்கிறது.

இதைப் புரிந்துகொள்ள யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிப்பது நல்லது. இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு அது. எருசலேமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் விருந்து. அந்தக் காலத்துச் செருப்பு என்பது ஓர் அடித்தோலும் வாரும்தான். தெருப் புழுதி முழுவதும் காலில் ஏறிவிடும். பந்தியில் நாற்காலி கிடையாது. தரையோடு ஒட்டினாற்போல் சாய்ந்து படுத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒருவருடைய கால் இன்னொருவருடைய கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது வீட்டுக்காரரின் மரியாதை. குனிந்து கழுவிவிடுவது அடிமையின் வேலை. அன்று அந்த அறையில் தண்ணீர் இருந்தது, பாத்திரம் இருந்தது, துணியும் இருந்தது. அடிமைதான் இல்லை. சீஷர்கள் பன்னிரண்டு பேர் இருந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஏன் எழவில்லை என்பதற்கான தடயம் லூக்காவில் கிடைக்கிறது. அதே பந்தியில் அவர்கள் தங்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். இது அவர்களுக்குப் பழைய வழக்குதான். எருசலேமுக்கு வரும் வழியில் யாக்கோபும் யோவானும் இயேசுவைத் தனியாகப் பிடித்து, அவருடைய மகிமையில் வலது பக்கமும் இடது பக்கமும் தங்களுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதைக் கேட்ட மற்றப் பத்துப் பேரும் எரிச்சலானார்கள் என்கிறார் மாற்கு. (அவர்களுடைய தாழ்மை புண்பட்டதால் வந்த எரிச்சலாக எனக்குத் தோன்றவில்லை, தங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சலாகத்தான் இருக்க வேண்டும்.) இந்த நிலையில் யாராவது ஒருவர் எழுந்து பாத்திரத்தைத் தொட்டிருந்தால், வாக்குவாதத்தில் அவர் தோற்றுப்போனதாக ஆகியிருக்கும்.

அப்போது இயேசு எழுந்தார். யோவான் அவசரப்படாமல் ஒவ்வொரு அசைவாகச் சொல்கிறார்: போஜனத்தை விட்டு எழுந்தார், மேல் வஸ்திரத்தைக் கழற்றி வைத்தார், ஒரு சீலையை எடுத்து அரையிலே கட்டிக்கொண்டார், பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார், கழுவினார், கட்டியிருந்த சீலையாலேயே துடைத்தார். பன்னிரண்டு பேர் என்றால் இருபத்துநான்கு கால்கள். அந்த அறையில் அவ்வளவு நேரமும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். யார் பெரியவன் என்ற பேச்சை அதற்குமேல் எவன் தொடர்ந்திருப்பான்?

இங்கே பலர் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு வசனம் உண்டு, மூன்றாம் வசனம். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்திற்குப் போகிறார் என்பதையும் இயேசு அறிந்திருந்தார். அப்படி அறிந்தவராக எழுந்தார் என்கிறது அது. யோவான் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதைக் கவனியுங்கள். தாம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நிரூபிக்க ஒன்றும் இல்லை, இழக்கவும் ஒன்றும் இல்லை. ஆகவே துணியைக் கட்டிக்கொண்டு குனிவது அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. சீஷர்கள் எழாததற்குக் காரணம் இதன் மறுபக்கம்: தாங்கள் யார் என்பது அவர்களுக்கு இன்னும் உறுதியாகவில்லை. அதை உட்காரும் இடத்தை வைத்து முடிவு செய்யப் பார்த்தார்கள்.

பணிவிடை மனத்தின் வேர் இதுதான் என்பது என் கருத்து. தேவன் தன்னைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறவனால் எந்த வேலைக்கும் குனிய முடியும். அந்த நம்பிக்கை இல்லாதவனும் குனிவான். ஆனால் யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே குனிவான். சொத்தில் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனைப் பற்றி இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த மகனை நினைத்துப் பாருங்கள். தகப்பன் வீட்டிலேயே இருந்தான், ஒரு கற்பனையையும் மீறவில்லை, இத்தனை வருஷகாலமாக உமக்கு ஊழியம் செய்தேன் என்று சொல்லவும் செய்தான். சொன்ன கையோடு தனக்குக் கிடைக்காத ஆட்டுக்குட்டியைக் கணக்கில் எழுதினான். மகனாக இருந்தும் கூலியாளின் மனத்தோடு வாழ்ந்திருக்கிறான். தம்பி திரும்பி வந்த நாளில்தான் அது வெளியே தெரிந்தது.

அந்த இரவில் இன்னும் இரண்டு காரியங்கள் உண்டு. கழுவப்பட்ட கால்களில், அவரைக் காட்டிக்கொடுக்க இருந்த யூதாசின் கால்களும் இருந்தன. அவன் வெளியே போனது பிறகுதான். தகுதி பார்த்துச் செய்வது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அடுத்தது, பேதுரு. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று காலை இழுத்துக்கொண்டார். பார்க்கப் பணிவுபோல் இருக்கிறது. ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை. கழுவ விடாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட்டார். பிறருக்கு ஓடி ஓடிச் செய்துவிட்டு, தனக்கு ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தால் கூச்சப்படுகிற ஆட்கள் எல்லாச் சபையிலும் உண்டு. வாங்கிக்கொள்ளத் தெரியாத அந்தக் கூச்சத்துக்குள் ஒரு பெருமை ஒளிந்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பணிவிடை மனம் என்ற உபதேசத்தை நம் ஊரில் தவறான ஆட்களிடம் சொல்லும் பழக்கம் இருக்கிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைக் கடைசியில் சாப்பிடும் பெண்ணிடம் போய், இன்னும் தாழ்மை வேண்டும் அம்மா என்று சொல்வது சுவிசேஷம் ஆகாது. துப்புரவு வேலை இன்னாருக்குத்தான் என்று பிறப்பை வைத்துத் தீர்மானித்த சமூகத்தில், அந்த இன்னாரைப் பார்த்துப் பணிவிடையின் மேன்மையைப் பிரசங்கிப்பது அதைவிட மோசம். மேல்மாடி அறையில் எழுந்தவர் போதகர், ஆண்டவர். உயர்ந்த இடத்தில் இருந்தவர். யாக்கோபும் யோவானும் இடம் கேட்டபோதும், உங்களில் பெரியவனாக இருக்க விரும்புகிறவன் என்றுதான் அவர் பேசினார். உபதேசம் முதலில் போய்ச் சேர வேண்டியது நாற்காலியில் இருக்கிறவரிடம். தமிழ்நாட்டுச் சபைகளின் வரலாறு இதற்கு வலிமையான சாட்சி. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பான உத்தரவு அனுப்பினார். இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில்கூடச் சாதி பார்த்து முன்பின்னாக வந்துகொண்டிருந்த தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. பலர் சபையை விட்டே விலகினார்கள். ஒரே பாத்திரத்தில் குடிக்க மறுத்தவர்களும் பெரிய வியாழனன்று கால் கழுவிய கதையைக் கேட்டவர்கள்தான்.

இயேசுவின் அந்தப் பேச்சு முடியும் வசனத்தைத் தன் குறிக்கோளாக எடுத்துக்கொண்ட ஓர் இடம் வேலூரில் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம் மாற்கு 10:45-இலிருந்து வந்தது: ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவே வந்தார். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில், அமெரிக்க மருத்துவ மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு இந்தப் பக்கமே பிடிக்காது. அமெரிக்காவில் படித்து அங்கேயே குடியிருப்பதாக எண்ணம். தாயாருக்கு உடல்நலமில்லை என்பதால் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஓர் இரவு, மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தகப்பனார் மருத்துவர்தான், வருகிறேன் என்றும் சொன்னார். ஆனால் அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. பெண்ணான ஐடா வர முடியுமா என்று கேட்டார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடா அமெரிக்கா போனார், 1899-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார், திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளோடு மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

இதை வாசிக்கும்போது அழைப்பு, தரிசனம் என்ற பெரிய வார்த்தைகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு நிற்பது வேறு: அன்றிரவு ஐடாவிடம் மனம் இருந்திருந்தாலும் பயன் இல்லை. கை பழகியிருக்க வேண்டும். இரக்கம் வந்த உடனே ஓடிப்போய் ஏதோ செய்யாமல், அவர் போய்ப் படித்தார். நம்முடைய சபைகளில் பணிவிடை என்றால் அரைகுறையாகச் செய்தாலும் தேவன் மனதைப் பார்ப்பார் என்று ஒரு சமாதானம் சொல்வோம். நோயாளி பார்ப்பது கையைத்தான்.

அதே வேலூரில் நடந்த இன்னொரு கதை இன்னும் கூர்மையானது. பால் பிராண்ட் கொல்லிமலையில் மிஷனெரித் தம்பதிக்கு 1914-இல் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூருக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்துவிட்ட ஒரு நோயாளியின் கையில் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வலுவே இருக்காது என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆனால் அந்தக் கை அவருடைய கை வலிக்கும்படி பிடித்தது. அப்படியானால் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றின் நாண்களை மாற்றித் தைத்தால் செத்த விரல்களை அசைக்கலாம். அந்தப் பிடியிலிருந்துதான் தொழுநோயாளிகளுக்கான கை அறுவை சிகிச்சையே வளர்ந்தது. தொழுநோயாளியைத் தொடவே பயந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. விரல் நிமிர்ந்து வீட்டுக்குப் போன சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். இந்தக் கை பிச்சைக்கு உதவாது ஐயா என்றார்கள். வளைந்த கையைப் பார்த்தால் காசு போடுவார்கள்; நேரான கையைப் பார்த்து யாரும் போடுவதில்லை. தழும்பைப் பார்த்து வேலையும் தருவதில்லை. அற்புதமான அறுவை சிகிச்சை செய்து, இருந்த பிழைப்பையும் கெடுத்தாகிவிட்டது. பிராண்ட் மனம் நொந்து, இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே என்று விட்டுவிடவில்லை. நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பைத் தொடங்கி, அந்தக் கைகளுக்குத் தச்சு போன்ற வேலைகளைப் பழக்கினார். அப்படிப் பழக்கியபோதுதான், விரல்கள் தேய்ந்துபோவதற்கு முக்கியக் காரணம் உணர்ச்சியில்லாமல் படும் காயங்கள் என்பதையும் அவர்கள் கண்டுகொண்டார்கள்.

தொடக்கநிலை விசுவாசி இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாம் கொடுக்க விரும்புவதும் எதிரில் இருப்பவருக்குத் தேவைப்படுவதும் ஒன்றல்ல. பணிவிடை மனம் உள்ளவர் கேட்கத் தெரிந்தவர். செய்தபிறகும் போய்க் கேட்பார். வரும் பதில் கசப்பாக இருந்தாலும் கேட்பார். ஆதிச்சபையும் இப்படித்தான் நடந்துகொண்டது. எருசலேமில் தினசரி உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் அவர்களை அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சோறு பங்கிடும் வேலைக்கு ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் வேண்டும் என்று தேடியதும் கவனிக்கத்தக்கது.

மார்த்தாளைப் பற்றி ஒரு வார்த்தை. இயேசு வீட்டுக்கு வந்தபோது தங்கை மரியாள் அவர் பேச்சைக் கேட்க உட்கார்ந்தாள், மார்த்தாள் வேலை செய்தாள், ஆகவே வேலை இரண்டாம்பட்சம் என்று பிரசங்கம் கேட்டுக் கேட்டு மார்த்தாளுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. இயேசு அவளிடம் சமைக்காதே என்று சொல்லவில்லை. நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். அவளுக்குக் கை வலிப்பதைவிட, தங்கை சும்மா இருப்பதுதான் வலித்தது. பின்பு யோவான் 12-இல் பெத்தானியாவில் மறுபடியும் ஒரு விருந்து. மரியாள் மறுபடியும் இயேசுவின் பாதத்தண்டையில்தான் இருக்கிறாள், அதுவும் விலையேறப்பெற்ற தைலத்தோடு. "மார்த்தாள் பணிவிடை செய்தாள்" என்று அங்கேயும் எழுதியிருக்கிறது. அதே வேலை, அதே தங்கை. முறையீடு மட்டும் இல்லை. அவள் மனத்தில் எப்படி மாற்றம் வந்தது என்று யோவான் சொல்லாவிட்டாலும், இரண்டு விருந்துக்கும் நடுவில் அவள் சகோதரன் லாசரு கல்லறையிலிருந்து வெளியே வந்திருக்கிறான்.

இந்த மனத்தை எப்படி வளர்த்துக்கொள்வது? வளர்க்கவா முடியும், தேவன் கொடுக்க வேண்டியதல்லவா என்று கேட்கலாம். இரண்டும்தான். கர்த்தருடைய தீர்க்கதரிசி யாராவது உண்டா என்று யூதாவின் ராஜா விசாரித்தபோது, ஒரு வேலைக்காரன் எலிசாவை எப்படி அறிமுகம் செய்தான் தெரியுமா? அவருக்கு முன்னிருந்த தீர்க்கதரிசியான எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்று. வரத்தில் இரட்டிப்பான பங்கைக் கேட்டவருக்கு ஊரில் இருந்த விலாசம் அது. வேறொருவரின் ஊழியத்தில் சின்ன வேலை செய்யும் காலத்தை, பெரிய வேலைக்கு முன்னால் உள்ள காத்திருப்பு அறையாக நினைக்காதவர்கள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகைக்கு அசனம் என்ற பொது விருந்து நடக்கும். சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடக்க இளைஞர்கள் போட்டி போடுவார்கள். அதில் ஒரு மிடுக்கும் உண்டு, குறை சொல்ல மாட்டேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடிப்பிடித்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். புகைப்படம் எடுக்கிறவர் அதற்குள் போயிருப்பார். பழக ஆசைப்படுகிறவர் அங்கே போய் நிற்கலாம். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று ஆண்டவர் சொன்னதைக் கடைப்பிடிக்க, கேமரா இல்லாத நேரம் மிகவும் வசதியானது. முதலில் மனத்துக்குள் யாராவது கேட்டார்களா, யாராவது பார்த்தார்களா என்று ஒரு குரல் ஓடும். அது இருக்கிறது என்று கண்டுகொள்வதே பாதி வேலை. அதை ஜெபத்தில் அப்படியே சொல்லிவிடலாம். தேவனுக்கு அது புதுச் செய்தி அல்ல.

வீட்டிலும் இதற்கு இடம் இருக்கிறது, சொல்லப்போனால் சபையைவிட அதிகமாக. ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் எல்லாருக்கும் கைகொடுத்து வரவேற்கும் அண்ணன், வீட்டில் தான் சாப்பிட்ட தட்டை எடுக்கிறாரா என்பதை அவருடைய மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, எல்லை. பணிவிடை மனம் என்றால் யார் கூப்பிட்டாலும் ஓடுவது என்று எண்ணி, ஒரே வருடத்தில் சோர்ந்து ஒதுங்கிப்போனவர்கள் நிறைய. கப்பர்நகூமில் இயேசு சூரியன் அஸ்தமித்த பிறகும் நோயாளிகளைக் குணமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்கு ஜெபிக்கப் போய்விட்டார். சீமோன் தேடி வந்து, உம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்றான். அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். வாசலில் இன்னும் நோயாளிகள் நின்றிருக்கக்கூடும். எல்லாருடைய எதிர்பார்ப்பையும் நிறைவேற்றுவது அவருடைய வேலையாக இருக்கவில்லை. உங்கள் சபையில் ஒரே ஆள் பாடல் குழு, ஞாயிறு பள்ளி, கணக்கு, வாகனம் என்று எல்லாவற்றையும் சுமந்தால், அவரைப் பாராட்டுவதோடு நிற்காமல் அதில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆள் நீங்களாக இருந்தால், ஒன்றை இறக்கி வையுங்கள். பேதுருவைப் போலக் காலை இழுத்துக்கொள்ளாமல் இன்னொருவரைச் செய்ய விடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், உடம்பு சரியில்லாத ஒருவரின் வீட்டைத்தான் நான் சொல்வேன். போவதற்கு முன் போன் செய்து, பழம் வாங்கி வரட்டுமா என்று கேட்காமல், என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். மருந்துச் சீட்டோடு கடைக்குப் போக ஆள் இல்லை என்பார்கள், அல்லது இரவு ஒருவர் துணைக்கு இருந்தால் மகள் கொஞ்சம் தூங்குவாள் என்பார்கள். பத்து நிமிடம் ஜெபம் செய்துவிட்டு வருவதைவிட அது சிரமம்தான். ஜெபத்தையும் விட வேண்டாம். மருந்தை வாங்கிக் கொடுத்துவிட்டுச் செய்யலாம்.